அல்லியூர் ரயில்

“அம்மா, உத்தரவு கொடுங்க. அல்லியூருக்குப் போகணும்.”

வரதையன் பையோடு நின்றார். வயது அறுபத்தெட்டு. ஒரு காலத்தில் அணுகுண்டு செய்த விஞ்ஞானிகளில் ஒருவர். இந்த மலை மடத்தில் பதினோரு வருஷமாகச் சீடர்.

குருவம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அங்கே யாரு?”

“காமவல்லி. போருக்கு முன்னாடி அந்த ஊர்ல படிக்கும்போது பழக்கம். ஆரஞ்சுச் சுளையை நார் எடுத்து என் உள்ளங்கையில வைப்பா. நாற்பத்தைந்து வருஷமாச்சு. கை இன்னும் அதையே கேட்குது.”

“உயிரோட இருக்காங்களா?”

“இருக்கா. இருக்க வச்சது நான்.”

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொன்னார்.

போர்க்காலத்தில் ஜெனரல் எதிரி நாட்டு ஊர்ப் பட்டியலோடு வந்தார். முதல் பெயர் அல்லியூர். குண்டின் பலத்தைச் சரியாக அளக்க வேண்டுமானால், அதுவரை ஓர் ஓடுகூட உடையாத ஊர் வேண்டும்.

“சுத்தியும் மலை. அளவு தப்பா வரும்,” என்றார் வரதையன்.

உண்மையில் அங்கே இருந்தது ஒரே ஒரு மண்மேடு.

ஜெனரல் அல்லியூரைப் பேனாவால் அடித்துவிட்டு, செங்கரை என்று எழுதினார். அந்த வாரமே செங்கரை சாம்பலானது.

“அதை எழுதின ஜெனரலுக்குச் சிலை வச்சாங்க, அம்மா. பேத்தி கல்யாணத்துல மாலையும் கழுத்துமா நிக்கிறாரு. நான் இங்கே விறகு பிளக்கிறேன். அவளைப் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கல.”

“ஏன், மூணு தடவை ரயிலேறினீங்களே. மறுநாளே வந்து, சாம்பார்ல உப்பில்லைன்னு சண்டை போட்டீங்க. எங்கே இறங்கினீங்க, விஞ்ஞானி?”

வரதையன் பையைக் கீழே வைத்தார்.

“செங்கரைக்கு முந்தின ஸ்டேஷன்ல.”

“ஏன்?”

“அங்கேயிருந்து ரயில் கிளம்பினதும் பெட்டியில எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. செங்கரை தாண்டுற வரைக்கும் யாரும் உட்கார மாட்டாங்க. செத்தவங்களுக்காக அந்தப் பக்கத்து வழக்கம் அது. முதல் தடவை ஒருத்தர் என் தோளைத் தொட்டு, ‘எழுந்திருங்க பெரியவரே’ன்னாரு.”

“எழுந்தீங்களா?”

“எழுந்தேன். வண்டி வேகம் எடுக்கிறதுக்குள்ள இறங்கிட்டேன்.”

குருவம்மா ஒரு கீரைத்தண்டை முறித்துப் போட்டார்.

“அல்லியூருக்கு வேறு பாதை ஏதாவது இருக்குமா அம்மா? சுத்திப் போனாலும் பரவாயில்லை. ஒரே ஒரு தடவை அவ முகத்தைப் பார்த்துட்டு வந்துடுவேன்.”

“அன்னிக்கு வேறு ஊர் கேட்டீங்க, கொடுத்துட்டாங்க,” என்றார் குருவம்மா. “இன்னிக்குப் பாதை அது ஒண்ணுதான். ரயில் பத்தரைக்கு.”