கிரகணத்துக்குப் பன்னிரண்டு நாள்

"இந்தக் கணக்குக்கு முடிவே கிடையாதுங்களா?" என்று கத்திக்கொண்டே, கணக்குப் போடப் பரப்பியிருந்த சோழிகளை எட்டி உதைத்தார் சடையப்ப சோதிடர்.

வயது ஐம்பது. காங்கேயத்திலிருந்து மலை தாண்டி வந்து, தன்னைவிடச் சின்னவரான உண்ணிரவி வாரியரிடம் வட்டக் கணக்குப் படிக்கிறார். படிப்பு வந்ததோ இல்லையோ, கோபம் நன்றாக வந்தது.

பாவம், அதற்குக் காரணம் இருந்தது. போன கிரகணத்துக்கு அவர் குறித்த நேரம் பிசகிவிட்டது. சூரியனைப் பாம்பு பிடித்தபோது ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அடுத்ததும் தப்பினால் ஊருக்குப் பஞ்சாங்கம் கணிக்கும் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்தக் கிரகணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ஊருக்கு நடையே ஐந்து நாள்.

வட்டத்தின் சுற்றளவு சரியாகக் கிடைத்தால் நேரமும் சரியாக வரும். அந்தச் சுற்றளவுக்குத்தான் இந்தக் கணக்கு.

"நீங்க சொன்னபடிதானுங்க செஞ்சேன். ஒண்ணுல மூணுல ஒரு பங்கைக் கழிச்சேன். அஞ்சுல ஒரு பங்கைக் கூட்டினேன். ஏழுல ஒரு பங்கைக் கழிச்சேன். முந்நூறு தடவை! கூட்டினா மேல ஏறுது, கழிச்சா கீழ விழுது. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது!"

"எதுவரைக்கும் போடப் போறீர்?"

"நிக்கிற வரைக்கும்."

"நிக்காது."

"அப்புறம் என்ன எழவுக்குங்க சொல்லிக் குடுத்தீங்க?"

வாரியருக்கும் கோபம் வந்துவிட்டது. சிதறிய சோழிகளை அள்ளிச் சடையப்பர் முன்னால் கொட்டினார்.

"முதல்லேர்ந்து போடும். இருபதோட நிறுத்தும்."

"முந்நூறுல வராதது இருபதுல வந்துருமாக்கும்?"

"போடும் ஓய்!"

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்.

"கடைசியா என்ன கழிச்சீர்?"

"முப்பத்தொம்பதுல ஒரு பங்கு."

"அதுல பாதியைத் திருப்பி வையும்."

வைத்தார்.

முந்நூறு தடவை போட்டதில் கிடைத்த கடைசி இரண்டு விடைகளையும் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார். ஒன்று மேலே ஏறியது, ஒன்று கீழே விழுந்தது. இப்போது இருபதிலேயே வந்த விடை அந்த இரண்டுக்கும் நடுவில், உண்மையான அளவு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

சடையப்பர் சுவருக்கு அருகில் போய் இரண்டு விடைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மறுபடி ஒரு சோழியை எடுத்தார்.

"இதுலயும் துளி பிசகு இருக்குமுங்களே?"

"இருக்கும்."

"அப்ப இன்னொரு நூறு போட்டுப் பாத்துட்டு..."

வாரியர் விறுவிறுவென்று உள்ளே போனார். சோதிடரின் மூட்டையைத் தூக்கி வந்து வாசலில் எறிந்தார்.

"சூரியன் உமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

சடையப்பர் மூட்டையைப் பார்த்தார். கையிலிருந்த சோழியைக் கீழே வைத்தார்.

"இப்பக் கெளம்பினா, பொழுது சாயறதுக்குள்ள பாலக்காடு போயிரலாமுங்களா?"