மாட்டு டாக்டர் வண்டியின் ஹெட்லைட்

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடனுக்கு ஐம்பத்தாறு.

குரு கலாமணி. காங்கேயம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, வண்டிகளுக்கு லைட்டு, ஹாரன், பேட்டரி வேலை பார்க்கிறவள். சீடன் சென்னியப்பன். மில்லை மூடியதும் வேறு போக்கில்லாமல் அவளிடம் தொழில் கற்க வந்தார்; மூன்று வருஷமாகிறது. அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை மேஸ்திரி என்பார்.

அன்று மத்தியானம் மூன்றாவது தடவையாக ஹெட்லைட் அணைந்தது. சென்னியப்பன் திருப்புளியை வீசிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வண்டி அறுபது வருஷத்துப் பழைய மோட்டார் சைக்கிள். மாட்டு டாக்டர் முத்துரத்தினத்தின் அப்பா ஓட்டியது. ஒரு இடம் விடாமல் மெரூன் பெயிண்ட் அடித்து, முகம் பார்த்துத் தலை சீவலாம் என்கிற மாதிரி மினுக்கி வைத்திருந்தார் டாக்டர். போன வியாழக்கிழமை இந்த லைட்டைச் சரிபண்ணி அனுப்பியது சென்னியப்பன்தான். அன்றே, ஒரு மாட்டுக்குக் கன்று எடுத்துவிட்டுப் பொழுது சாய்ந்து திரும்பும்போது, வாய்க்கால் மேட்டில் லைட்டு பொட்டென்று போய்விட்டது. மனுஷன் வண்டியோடு வாய்க்காலுக்குள். முழங்கையில் ஏழு தையல். நாலடி தள்ளி விழுந்திருந்தால் கிணறு.

வண்டியை மறுபடி கொண்டுவந்து விட்டபோது டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவால்லீங்க, ஒருக்காப் பாத்துக் குடுங்க" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் சென்னியப்பனுக்கு ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும். இன்று ஐந்து மணிக்கு வருவார். அதே வாய்க்கால் மேட்டு வழியாகத்தான் போவார்.

"நாளைல இருந்து நான் வரலீங்க மேஸ்திரி."

கலாமணி ஒரு ஹாரனுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பதினோரு வண்டி. இடுப்பு விட்டுப்போயிருந்தது. நிமிரவில்லை.

"சரிங்ணா."

"சரின்னா?"

"அலுத்துப் போச்சுன்னா வராதீங்க. எனக்குந்தான் அலுத்துப் போச்சு. நான் எங்க போறது?"

சென்னியப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பல்பு மாத்தியாச்சு. ஸ்விட்ச் மாத்தியாச்சு. ஒயர் பூராப் புதுசு போட்டாச்சு. டெஸ்ட் பண்ணுனா பளிச்சுன்னு எரியுது. மாட்டி ஒரு சுத்து ஓட்டுனாச் செத்துப் போகுது. இன்னும் என்னத்தங்க பண்றது? என் மூளைக்கு இவ்வளவுதானுங்க."

"எரியறதைக் காட்டுங்க."

முனகிக்கொண்டே எழுந்தார். மேசைமேல் இருந்த பேட்டரியை இழுத்தார். சிவப்பு கிளிப்பை ஹெட்லைட்டுக்கு வரும் ஒயரில் மாட்டினார். கறுப்பு கிளிப்பை ஹெட்லைட்டின் இரும்புக் கிண்ணத்தில் பல் பதியக் கவ்வவிட்டார். பளிச்சென்று எரிந்தது.

"பாருங்க! எரியுதுங்களா இல்லீங்களா?"

கலாமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கறுப்பு கிளிப்பைப் பிடுங்கினாள். அணைந்தது. மாட்டினாள். எரிந்தது. மறுபடி பிடுங்கி, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது வண்டி கூடப் போகுமாங்ணா?"

"எது?"

"இந்தக் கிளிப்பு."

"அது எப்படிங்க போகும்?"

கிளிப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு ஹாரனுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா என்று சென்னியப்பன் மனசுக்குள் திட்டினார். திட்டி முடித்த பிறகுதான் யோசித்தார். கரண்ட் ஒயர் வழியாக வருகிறது, பல்பை எரிக்கிறது. எரித்துவிட்டு வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். டெஸ்ட் பண்ணும்போதெல்லாம் திரும்பிப் போனது இந்தக் கிளிப் வழியாக. கிளிப்பை எடுத்துவிட்டால் எந்த வழியாகப் போகும்?

கிண்ணத்தைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றினார். வாஷருக்குக் கீழே மெரூன் பெயிண்ட். இரண்டு கோட்டிங், கனமாக. போல்ட்டு இரும்பைத் தொடவே இல்லை, பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. எங்கோ ஒரு கீறலில் பட்டால் எரியும். குழியில் ஒரு குலுக்கு குலுக்கினால் போச்சு.

"அட நாசமாப் போக!"

உப்புத்தாளை எடுத்தார். டாக்டர் ஆசை ஆசையாக அடித்த பெயிண்ட், கை கூசியது. அந்த ஏழு தையல் நினைவுக்கு வந்தது. வெறும் இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் இரண்டு பக்கமும் தேய்த்துத் தள்ளினார். போல்ட்டை இறுக்கினார். வண்டியின் சொந்த பேட்டரியில் போட்டார். எரிந்தது. உதைத்துக் கிளப்பி, ரோட்டில் குழியாகப் பார்த்துப் பார்த்து விட்டு மூன்று சுற்று சுற்றினார். எரிந்துகொண்டே இருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கினார். ஐம்பத்தாறு வயதில் அழுகை வந்து தொலைத்தது.

அந்தக் கடையில் எந்த வண்டியானாலும், வெளியே போகுமுன் கலாமணி வந்து பார்ப்பாள். அவள் தலையாட்டினால்தான் சாவி கைமாறும்.

"மேஸ்திரி, ஒருக்கா வந்து பாத்துருங்க. டாக்டர் வர்ற நேரமாச்சு."

"நான் பாக்கலீங்ணா."

"வெளையாடாதீங்க. நீங்க பாக்காம இங்க இருந்து ஒரு வண்டி போயிருக்குதுங்களா?"

"போன வியாழக்கிழமையும் பாத்தேன். கறுப்பு கிளிப்பு அப்பவும் கிண்ணத்துலதான் இருந்துது. தலையாட்டுனேன்."

அந்தப் பாவம் தன் தலையில் மட்டும்தான் என்று ஒரு வாரமாகச் சுமந்துகொண்டு திரிந்தார் சென்னியப்பன்.

"அதைச் சொல்லவே இல்லீங்களே?"

"இப்பக் கையில பிடுங்குனப்பத்தான் எனக்கே உறைச்சுது."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நின்றது. முழங்கைக் கட்டோடு டாக்டர் இறங்கினார்.

"அப்படின்னா இன்னும் நல்லாப் பாக்கோணுமில்லீங்க? ரெண்டு பேர் பாத்தா நல்லதுதானுங்களே?" சென்னியப்பன் கெஞ்சினார்.

கலாமணி ஹாரனைக் கீழே வைத்தாள். அவ்வளவு அலுப்பான முகத்தை அவர் அவளிடம் பார்த்ததில்லை.

"மேஸ்திரி பாத்துக்குவாங்கன்னு நீங்க விட்டீங்க. அண்ணன் பாத்திருப்பாருன்னு நான் விட்டேன். இன்னிக்கு நீங்க ஒருத்தராவது பாக்கோணுமுங்ணா."