நடுக்கடலில் எர்த்

சவரிமுத்து மோத்தா குருவைத் தேடி எந்த மலைக்கும் போகவில்லை. எண்ணெய்க் கப்பலின் சீஃப் ஆபீசர் எமிலி ரோச்தான் அவருக்கு வாய்த்த குரு. அவர் ஊர்க்காரப் பெண்தான்; வயதில் அவரைவிட ரொம்ப இளையவர். தானியக் கப்பல்களிலேயே காலம் தள்ளிவிட்டு, மாலுமிகளுக்குத் தலைவராக, போசனாக வந்த சவரிமுத்துவுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

எண்ணெய் இறக்கிக் காலியான தொட்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவத் தொடங்கிய அன்று, சவரிமுத்து கேட்டார்.

“எதை உள்ள இறக்கினாலும் கப்பலோட சேத்து எர்த் வயர் மாட்டணும்னு சொல்லுதீங்க. எர்த்துன்னா மண்ணு. நடுக்கடல்ல மண்ணு எங்க மேடம் இருக்கு?”

மாலுமிகள் சிரித்தார்கள். எமிலி எர்த் வயரை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

கழுவி முடிந்தது. அடியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். வயர் காலில் சிக்குகிறது என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பித்தளைக் குண்டை நைலான் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார் சவரிமுத்து. குண்டு பாதித் தூரம் போயிருக்கும்.

“நிறுத்துங்க அண்ணாச்சி. இறக்கவும் வேண்டாம், ஏத்தவும் வேண்டாம்.”

எமிலியின் குரல் உயரவில்லை. அவர் கயிற்றை அப்படியே இறுக்கிப் பிடித்தார்.

“இப்ப வயரை மாட்டிரட்டுமா?”

“உள்ள எண்ணெய் வாயு நிக்குது. கழுவுன தூவானத்துல இருக்கிற மின்சாரம் குண்டுல ஏறியிருக்கும். இரும்பு கிட்ட வந்தா பொறி. வயர் கிட்ட வந்தாலும் பொறி.”

“கயித்தைக் கட்டிப் போட்டுட்டு ஓடிரலாமே?”

“கப்பல் ஆடுதுல்லா? குண்டு போய்ச் சுவர்ல தட்டும். கையில பிடிச்சாத்தான் நேராத் தொங்கும். தூவானம் அடங்குற வரைக்கும் பிடிக்கணும்.”

எமிலி மற்றவர்களைக் கப்பலின் பின்பக்கம் அனுப்பினார். ஆட்டம் குறைய, அலைக்கு நேராகக் கப்பலைத் திருப்பச் சொன்னார். பிறகு வந்து, சவரிமுத்துவின் கைகளுக்குப் பின்னால் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

வெயில் சாய்ந்தது. சவரிமுத்துவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. பாதி பயம், பாதி வெட்கம்.

“தப்பு என்னோடது. நான் ஒருத்தன் போதும். நீங்க போங்க மேடம்.”

கயிறு அசையவில்லை. எமிலியும் அசையவில்லை.

“போங்கன்னு சொல்லுதேன்லா. இங்க என்னத்துக்கு நிக்கீங்க?”

“நடுக்கடல்ல எர்த் எங்க இருக்குன்னு கேட்டீங்களே அண்ணாச்சி.”