மேற்கே பார்த்துப் படுத்தவர்

மாசிலாமணி உபதேசியாருக்கு வயது ஐம்பத்துநாலு. அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த போதகர் அம்மா கெத்சியாளுக்கு முப்பத்தாறு. எலியேசர்புரத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. மாசிலாமணி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நூற்பாலை வேலையை விட்டுவிட்டு ஊர்க்கோயில் ஊழியத்துக்கு வந்தவர் அவர். சனிக்கிழமைதோறும் ஆறு மைல் சைக்கிள் மிதித்து, போதகர் அம்மா குடியிருக்கும் குருமனைக்குப் போவார். அம்மாவின் முன்னால் நோட்டைத் திறந்துவைத்து உட்காருவார். கேள்வி கேட்பார்.

அந்த ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அவர் நோட்டைத் திறக்கவில்லை.

“அம்மா, ஆண்டவரு வருகையில நம்ம சனங்க எல்லாம் கிழக்கப் பாத்துதான எந்திப்பாவ?”

“அப்படி நம்பித்தான் அடக்கம் பண்ணுதோம்.”

“மேற்கப் பாத்துப் படுத்திருக்கவங்க?”

கெத்சியாள் பேனாவை மூடி வைத்தார்.

“யாரு அண்ணாச்சி அது?”

மாசிலாமணி இதைப் பற்றி எட்டு நாளாக ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. மனைவியிடம்கூட வயிற்று வலி என்றுதான் சொல்லி வைத்திருந்தார்.

எலியேசர்புரத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருநூறு பேருக்கு மேல் படுத்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் தலை மேற்கே, கால் கிழக்கே. ஆண்டவர் கிழக்கேயிருந்து வருவார். எக்காளம் தொனிக்கும், மண் திறக்கும், எழுந்து உட்காருகிறவர்களின் முகத்துக்கு நேராக அவர் நிற்பார். ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். திசைக்காக அங்கே யாரும் சண்டை போட்டதில்லை, சந்தேகப்பட்டதும் இல்லை.

அந்த இருநூறு பேரில் இப்போது ஒருவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்திருக்கப் போகிறார். அவர் அருமைநாயகம். மாசிலாமணிக்கு மேல்பக்கத்து வீடு.

இருவருக்கும் பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு முருங்கை மரம். மரம் ஒருவருடையது, கிளை இன்னொருவர் வீட்டு ஓட்டின் மேல். ஒரு நாள் மாசிலாமணி கிளையை வெட்டினார், மறுநாள் அருமைநாயகம் மரத்தையே வெட்டிப் போட்டார். மரம் போனது, பகை மட்டும் துளிர்த்துக்கொண்டே இருந்தது. ஒரே கோயிலில் ஒரே பாட்டைப் பாடிவிட்டு, வேறு வேறு வாசல் வழியாக வெளியே போவார்கள்.

ஒரு வியாழக்கிழமை அருமைநாயகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நாற்பத்தொன்பது வயது. போதகர் அம்மா பாளையங்கோட்டைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை அடக்க ஆராதனையை நடத்த உபதேசியாரை விட்டால் ஆள் இல்லை.

“மழை பெருசா வந்துட்டும்மா,” என்றார் மாசிலாமணி. “பந்தல் தார்ப்பாயி தண்ணி கனம் தாங்காமச் சரியுது. ஆம்பளைய எல்லாம் அதத் தாங்கிப் பிடிக்கப் போயிட்டாவ. குழிக்குள்ள தண்ணி நிக்கு, சீக்கிரம் பெட்டிய மூடுங்கன்னு சத்தம். நாந்தான் மூடினேன்.”

“சரி.”

“அவசரத்துக்குச் செஞ்ச பெட்டி. ரெண்டு பக்கமும் ஒரே அகலம். மூடியில சிலுவை அடிச்சிருக்கும்லா, அது இருக்கதுதான் தலைமாடு. அத வச்சுத்தான் தூக்குறவனுக்கு எது தலை, எது காலுன்னு தெரியும்.”

“சிலுவைய எங்க வச்சிய?”

மாசிலாமணி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

“கால்மாட்டுல.”

மழைச்சத்தத்தில் அன்று அவருக்கு எதுவும் தோன்றவில்லை. ஜெபம் சொன்னார், முதல் பிடி மண் போட்டார், வீட்டுக்கு வந்தார். ஈரச் சட்டையைக் கழற்றும்போதுதான் அது கண்முன் வந்தது. வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைவிரல்கள். அவற்றுக்கு நேர் மேலே இறங்கிய சிலுவை. சட்டை பாதி கழன்றபடியே அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து பயம் அவரைத் தின்றது. கிழக்கே மின்னினால் எழுந்து நின்றார். பஸ் ஹாரன் நீளமாக அடித்தால் கையிலிருந்த சோறு கீழே விழுந்தது. வருகையின் நாளும் நாழிகையும் ஒருவருக்கும் தெரியாது என்பதால் எல்லா நாளும் எல்லா நாழிகையும் காத்திருந்தார். கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போக எடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தான் ஊரில் இல்லாத சமயம் பார்த்து ஆண்டவர் வந்துவிட்டால் என்ன செய்வது?

“செவ்வாக்கெழம காலையில எக்காளம் கேட்டுட்டும்மா.”

கெத்சியாள் நிமிர்ந்து பார்த்தார்.

“பல்லு தேச்சிக்கிட்டு இருந்தேன். அப்படியே ஓடினேன், செருப்பு கூடப் போடல. மேலவீட்டுக்காரரு எந்திக்கையில தோளப் பிடிச்சுத் திருப்பி விட்டுரலாம்னு நெனச்சேன். குழி கிட்டப் போயி, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னேன். பெறவுதான் தெரிஞ்சுது, அடுத்த ஊர்க் கல்யாணத்துக்கு வந்த பேண்டு செட்டு.”

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். கெத்சியாள் சிரிக்கவில்லை.

“அங்க யாரும் இருந்தாவளா?”

“லேயாள் இருந்தா.”

லேயாள் அருமைநாயகத்தின் மனைவி. தினமும் காலையில் மேற்கு ஓரத்தில், சிலுவையடியில் பூ வைத்துவிட்டு, தலைமாடு என்று நினைத்து அங்கே குனிந்து புருஷனோடு பேசிக்கொண்டிருப்பாள். அவள் பேசுவதெல்லாம் அவருடைய பாதங்களோடு என்பது உலகத்திலேயே மாசிலாமணி ஒருவருக்குத்தான் தெரியும். அன்று வெறுங்காலோடு மூச்சிரைக்க நின்றவரைப் பார்த்து அவள் கண் கலங்கிவிட்டாள்.

“அவ என்ன சொன்னா தெரியுமா அம்மா? ‘பகையாளின்னு ஊரு சொல்லிச்சு. கூடப்பொறந்தவிய கூட இப்படி வந்து நிக்கல அண்ணாச்சி’ன்னா. ‘கடைசியில நீங்க உங்க கையால அவியள ஆண்டவரு முகத்துக்கு நேரா படுக்க வச்சிய, எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்’னா.”

மாசிலாமணிக்கு அழுகை வந்தது. துண்டால் வாயை மூடிக்கொண்டார். ஐம்பத்துநாலு வயது மனிதர் வயதில் சின்னவரான போதகர் அம்மாவின் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். கெத்சியாள் அழவிட்டார்.

பிறகு கேட்டார். “தெரியாம நடந்ததுதான அண்ணாச்சி?”

“அதுதாம்மா தெரியல.”

“அப்படின்னா?”

“மூடியத் தலைமாட்டுல நின்னுதான் போடணும், சிலுவை போடுதவன் கைப்பக்கம் வரும். நான் கால்மாட்டுல போயி நின்னேன். அந்த முகத்தப் பாக்க எனக்கு மனசு வரல. பதினொரு வருசமாப் பாக்காத முகம். செத்த பெறகும் பாக்கப் பிடிக்கல. அப்ப இத என் கை தெரியாமச் செஞ்சுதா, தெரிஞ்சு செஞ்சுதா? நியாயத்தீர்ப்புல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“தோண்டித் திருப்பிரலாமா அம்மா?”

“அதுக்கு தாசில்தாருக்கு மனுப் போடணும். லேயாள் கையெழுத்துப் போடணும்.”

“அவளுக்குத் தெரிய வேண்டாமே.”

“சொல்லத்தான் வேணும். நானும் கூட வாறேன். ஆனா இன்னைக்கு வேண்டாம். இன்னைக்கு அவளுக்குக் குடுக்க உங்ககிட்ட பயம் மட்டுந்தான் இருக்கு.”

“அப்ப அந்த மனுசன் கதி?”

கெத்சியாள் எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

“வாங்க. போயிப் பாப்போம்.”

ஆறு மைலும் மாசிலாமணி பின்னால் உட்கார்ந்து வந்தார். காற்றாலைகள் சாலையின் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த ஓசையைக் கேட்டே வளர்ந்தவருக்கு இன்றைக்கு அது பெரிய இறக்கைகளின் ஓசையாகக் கேட்டது. யாரோ இறங்கி வருகிறார்கள் என்று இரண்டு தடவை வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்தில் மதிய நேரத்தில் ஆள் இல்லை. அருமைநாயகத்தின் மேட்டில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. மேற்கு ஓரத்தில் மரச் சிலுவையும், காலையில் வைத்த செவ்வந்தியும் இருந்தன. கிழக்கே கடல் பக்கமிருந்து மேகம் கறுத்துத் திரண்டு வந்தது.

“நிசமா அவரு தலை எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டார் கெத்சியாள்.

மாசிலாமணி கிழக்கு ஓரத்தைக் காட்டினார்.

“மேட்டு ஓரமா அங்க போயி நில்லுங்க. எந்திச்சா அவரு எங்க பாப்பாரோ, அங்க பாருங்க.”

அவர் போய் நின்றார். மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது.

“நான் சொல்லுத வரைக்கும் திரும்பக் கூடாது.”

“சரிம்மா.”

செருப்புச் சத்தம் அவருக்குப் பின்னால் தேய்ந்து தேய்ந்து போனது. பிறகு அதுவும் இல்லை. அம்மா எங்கே போனார், எவ்வளவு தூரம் போனார், தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் இடி உருண்டது. மாசிலாமணியின் பிடரி கூசியது. மலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. எக்காளம் பின்னாலிருந்து கேட்கும். சுற்றிலும் மண் திறக்கும். மணியடித்த கோயில்பிள்ளை எழுந்திருப்பார், பள்ளிக்கூட டீச்சர் எழுந்திருப்பாள், பிரசவத்தில் போன பெண்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் சந்தோஷத்தில் சத்தமிடுவார்கள். அவ்வளவு பேரும் பார்க்கிறதை இந்த ஒரு மனிதர் மட்டும் பார்க்கமாட்டார். வெளிச்சம் முதுகில் அடிக்கும். முன்னால் தன்னுடைய நிழல் மலை வரைக்கும் நீண்டு கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருப்பார்.

முதுகுக்குப் பின்னால் மின்னியது. ஈர மண் ஒரு கணம் வெளுத்து அடங்கியது. இது மின்னல்தானா? திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அம்மா அங்கே நிற்கிறாரா, பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டாரா? தான் ஒருவன் மட்டும் இந்த மேட்டோடு விடப்பட்டுவிட்டோமா? வாய்க்குள் ஜெபம் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அருமைநாயகத்தின் பயத்தை அவர் இப்போது தன் உடம்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

“மாசிலாமணி.”

சத்தமாகக்கூட இல்லை. வீட்டுக்குள் ஒருவரைக் கூப்பிடுகிற குரல். உபதேசியார் என்றும் அண்ணாச்சி என்றும் ஊரே அழைக்கிற மனிதரை வெறும் பெயரால் கூப்பிட இன்று யாரும் இல்லை.

அவர் திரும்பிவிட்டார். திரும்புகிறோம் என்று நினைக்கும் முன்பே உடம்பு முழுதும் திரும்பிவிட்டது. ஒரு கால் சேற்றில் புதைந்திருந்தது. இருபதடி தள்ளி, கறுத்த மேகத்துக்கு முன்னால் கெத்சியாள் நின்றார். மாசிலாமணி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

“திரும்பக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்,” என்றார் கெத்சியாள்.

“மன்னிச்சிக்கிடுங்கம்மா.”

“மறந்துட்டியளா?”

“மறக்கல. நெனப்பு இருந்துச்சு.”

“பெறவு ஏன் திரும்பினிய?”

மாசிலாமணி சேற்றிலிருந்து காலை உருவினார்.

“பேரச் சொல்லிக் கூப்பிட்டியளே. அதுக்கு மேல எப்படிம்மா அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்க?”

முதல் தூறல் விழுந்தது. கெத்சியாள் மேட்டின் அருகே வந்து நின்றார். அதைக் கையால் காட்டினார்.

“அவருக்கும் பேரு இருக்கு, அண்ணாச்சி.”