வெழ்ழம் வந்த கதை

வெகு காலத்துக்கு முன்னால் செங்குன்ற நாட்டை மணிமாறவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் எடுப்பார் கைப்பிள்ளை. ஒருநாள் அரசவைப் புலவர் நாவுக்கினியார் அவர் காதில் ஓதினார்: "அரசே, ஜனங்கள் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்கிறார்கள். கேட்கச் சகிக்கவில்லை!" அவ்வளவுதான். சபையில் ழகரத்தைத் தப்பாகச் சொன்னால் நாடு கடத்தல் என்று முரசு அறைந்துவிட்டார்கள்!

ஐப்பசி வந்தது, அடைமழையும் வந்தது. ஏரிக் காவல்காரன் சடையாண்டி தலைதெறிக்க ஓடிவந்து சபையில் விழுந்தான்.

"மகாராசா! ஏரிக்கரை விரியுது! வெழ்ழம்! வீட்டுக்குழ்ழ வெழ்ழம் வரப்போகுது!"

சபை கொல்லென்று சிரித்தது. ஊரே மூழ்கப்போகிறது, இவர்களுக்குச் சிரிப்பைப் பாருங்கள்!

புலவர் துள்ளி எழுந்தார். "வெள்ளத்துக்கு ஏதடா ழகரம்? கடத்துங்கள் இவனை!"

மந்திரி சேந்தன் முதல் காரியமாக நூறு ஆட்களை மண்மூட்டையோடு ஏரிக்கு விரட்டினார். அப்புறம்தான் கேட்டார்: "சடையாண்டி, வெள்ளம்னு உனக்குச் சொல்ல வராதா?"

"பொறந்ததுலேர்ந்து சரியாத்தானுங்க சொன்னேன். போன மாசம் இங்க 'பளம்'னு சொன்னதுக்கு என் மச்சானை எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுட்டாங்க. அதான், எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாத்துலயும் அந்த எழுத்தைப் போட்டுட்டேன். பொண்டாட்டி நெறமாசம் சாமி, என்னைத் தொரத்திடாதீங்க!"

"சட்டம் சட்டம்தான்" என்றார் புலவர்.

"சரி, ஒரு சின்னப் பரீட்சை" என்றார் மந்திரி. "அரசே, புலவர் தம் ஆசனத்திலிருந்து உங்களிடம் நடந்து வரட்டும். இந்தச் சிவப்புக் கல் வரிசை மேலேயே வரவேண்டும். ஒரு விரல் வெளியே பட்டால் அவருக்கும் நாடு கடத்தல்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிராயிற்றே. "ஆகட்டும், ஆகட்டும்!"

முப்பது வருஷமாக நடந்த கல். புலவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். இரண்டு பக்கமும் ஈட்டிக்காரர்கள் வந்து நின்றார்கள். அவருக்கு வியர்த்தது. கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். இடப்பக்கம் போய்விடுமோ என்று பயந்து உடம்பை வலப்பக்கம் இழுத்தார். இழுத்த இழுப்பில் தொபுக்கடீர்!

"ஐயையோ, நடக்கத் தெரியாதவரா இவர்?" என்றார் மந்திரி. "பயம் காலை வாரிவிட்டது. சடையாண்டியின் நாக்குக்கும் அதே கதிதான் அரசே."

ராஜா சடையாண்டி பக்கம் திரும்பினார். "கரை எப்போதடா விரிசல் விட்டது?"

"நேத்துக் காலையிலேயே நாலு பேரு பாத்துட்டாங்க மகாராசா. சபையில வாயைத் தொறக்க பயந்துக்கிட்டு ஒருத்தரும் வரலீங்க."

ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். சட்டம் அந்த இடத்திலேயே ரத்து! மச்சானை அழைத்துவரக் குதிரை பறந்தது. ராஜாவின் முத்துமாலை சடையாண்டி கழுத்துக்கு ஏறியது. "புலவரே, உம்மைக் கடத்தவில்லை. ஏரிக்குப் போய் மூட்டை சுமந்துவிட்டு வாரும்!"

சாயங்காலம் புலவர் முழங்கால் சேற்றில் நின்றபோது காலடியில் கரை பிளந்து தண்ணீர் பீறிட்டது. புலவர் அலறினார். என்ன எழுத்தில் அலறினார் என்று அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. மூட்டையோடு முதல் ஆளாக ஓடியவன் சடையாண்டி.