விற்க ஏதுமில்லாத தீவு

பாய்மரக் கப்பல்கள் காற்றுக்காகக் காத்துக் கிடந்த காலம் அது. நினைத்தால் இன்றும் நெஞ்சு இனிக்கிறது. பதினெட்டு நாடுகளின் வணிகப் பேரவையில் மணற்றீவுக்குக் கடைசி இருக்கை. பேரவை இரங்கி அனுப்பும் நெல்லால்தான் அங்கே உலை கொதித்தது.

ஒருநாள் பேரவைத் தலைவர் அதிவீரர் மீசையை முறுக்கினார். "வாங்கித் தின்பதற்கென்றே ஒரு நாடா? எங்களில் எவரிடமும் இல்லாத, எல்லோருக்கும் வேண்டிய ஒன்றை இப்போதே கொடுங்கள். இல்லையேல் வெளியேறுங்கள்!"

தீவின் தூதருக்குக் குடை பிடிக்கும் செண்டலங்காரனின் கண்முன் ஊரின் பசித்த வயிறுகள் நின்றன. அவன் கைகூப்பினான்.

"ஐயா, காலையில் மிளகு நிறுக்கும்போது சண்டை ஏன் வந்தது?"

"விற்றவன் தராசை வாங்கியவன் நம்பவில்லை, வாங்கியவன் தராசை விற்றவன் நம்பவில்லை. அதற்கென்ன?"

"தங்கள் தராசை இவர்கள் நம்புவார்களா?"

"மிளகே அவருடையதுதானப்பா!" என்றார் ஒரு வணிகர். அவை கொல்லென்று சிரித்தது.

"எங்களுக்கு விற்கச் சரக்கில்லை, ஐயா. எந்தத் தட்டு தாழ்ந்தாலும் எங்களுக்கு லாபமில்லை. தராசை எங்களிடம் கொடுங்கள்."

தலைவரின் கை மீசையிலிருந்து இறங்கியது. அன்றுமுதல் துறைமுகத்தின் பொதுத் தராசு மணற்றீவின் பொறுப்பாயிற்று. இரக்கத்தால் வந்த நெல், உழைப்பின் கூலியாக வந்தது.

அன்பர்களே, கையில் ஒன்றுமில்லை என்று தலைகுனியாதீர்கள். நேர்மையைத் தாங்க வெறுங்கையே ஏற்றது.