சாம்பிராணி மிஷினுக்குக் கம்பி பார்த்த கதை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது மாவு மில் சிகாமணி அக்கா. என் மூத்தவள் கல்யாணத்துக்கு முந்தின ஆடி மாசம், இரண்டு பேரும் கோவில் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தோம். கதை முடிவதற்குள் என் கையிலிருந்த திரியெல்லாம் கோணல்மாணலாகிப் போச்சு. அம்மன் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. நன்றாகத்தான் எரிந்தது.

ஊமத்தம்பட்டி என்று ஒரு ஊர். அந்த ஊர் மாரியம்மனுக்குச் சாம்பிராணி போடுவது பொன்னுரங்கத்தின் குடும்ப வேலை. தாத்தா போட்டார், அப்பா போட்டார், இப்போது இவன். வேறு எந்த வேலையும் அவனுக்குச் சரியாக வராது. ஆனால் புகையோடு அவன் நடந்து வரும்போது மட்டும் ஊரே ஒதுங்கி வழிவிடும். அந்த ஒரு நடைக்காகத்தான் அவன் வாரம் முழுக்கக் காத்துக் கிடப்பான்.

முன்னே ஒருதரம் தூபக்காலிலிருந்து பொறி பறந்து அம்மன் திரையில் ஓட்டை விழுந்துவிட்டது. தர்மகர்த்தா வைத்தியலிங்கம், "இனிமே சாம்பிராணிக்குக் கரி நெருப்பு கூடாது" என்று சொல்லிக் கரண்டில் ஓடுகிற மிஷின் ஒன்று வாங்கிப் போட்டார். ஒரு பித்தளைக் கிண்ணம், அதற்குள் சுருள் கம்பி, பக்கத்தில் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. கம்பி சூடானால் மேலே தூவின சாம்பிராணி புகையும். அளவுக்கு மேல் சூடேறினால் மிஷின் தானே நிறுத்திக்கொள்ளும்.

ஆடி வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தக் கம்பி அறுந்தது.

"வெள்ளிக்கிழமை திரை திறக்கும்போது மிஷின்ல புகை வரணும். வரலேன்னா இனிமே மேலத்தெரு சோலையப்பன் போடட்டும்" என்றார் தர்மகர்த்தா. பொன்னுரங்கத்துக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. அதாவது, மூன்றாவது தடவை போட்ட சோறு.

மச்சான் சடையாண்டியைக் கூட்டிக்கொண்டு, மிஷினையும் தூக்கிக்கொண்டு, டவுனில் மோட்டார் காயில் கட்டுகிற ஜபருல்லா பாயிடம் போனான். பாய் ஒரு முழம் எவர்சில்வர் கம்பியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, பொறுமையாகச் சொன்னார்:

"இந்த மிஷினுக்குப் பழக்கமான கம்பி இதுதான். கம்பி சூடேறுறதை வச்சுத்தான் மிஷின் அளவு தெரிஞ்சுக்கும். பழக்கமில்லாத கம்பியை மாட்டினா அதுக்கு ஒண்ணும் புரியாது, சூட்டை ஏத்திக்கிட்டே போகும். வேலிக்கம்பி மாதிரி மேல பூச்சு உள்ளது ஆகவே ஆகாது. பூச்சு ஆவியாகி நெஞ்சுக்குள்ள போகும். மாட்டினதும் கம்பியைச் சிவக்க மட்டும் விடாதீங்க."

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? இருவரும் அதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, ஊரின் அறிவாளியான நல்லதம்பி மாமாவிடம் ஒப்பித்தார்கள். அவர் ஒருமுறை கிணற்றுக்குள் விழுந்து, மேலே தூக்கினவர்களிடம் "மழைக்கு ஒதுங்கினேன்" என்றார். அன்றிலிருந்து அவருக்கு அறிவாளி என்று பேர்.

"ஒரே ஒரு கம்பியைப் பார்த்து முடிவு பண்றது நம்ம வழக்கத்துல இல்லையேப்பா" என்றார் மாமா. "நாளைக்கு ஒருத்தர் ஒண்ணு சொல்லக் கூடாது. நாலு இடம் பார்க்கணும். முறையாப் பார்ப்போம்."

மறுநாள் பொன்னுரங்கம் வீட்டில் ஜமுக்காளம் விரித்து, நடுவில் மிஷினை உட்கார வைத்து, அதற்கு ஒரு துண்டும் போர்த்தினார்கள். பொன்னுரங்கத்தின் மனைவி அமிர்தவல்லி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். மிஷினுக்கு முன்னாலும் ஒரு டம்ளர் வைத்தாள்.

மாமா கையை நீட்டித் தடுத்தார். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா. பூச்சு உள்ளது மிஷினுக்கு ஆகாதுன்னு பாய் சொல்லியிருக்கார். நீ மஞ்சள் பூசியிருக்கே."

"பாய் என்னைப் பத்தியா சொன்னார்?"

"பேர் சொல்லலை" என்றான் பொன்னுரங்கம்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

முதலில் சடையாண்டி தன் தோட்டத்து வேலிக்கம்பியைக் கொண்டுவந்து தட்டில் வைத்தான். தன் பக்கத்துச் சம்பந்தமாக அமையட்டும் என்று அவனுக்கு ஆசை.

"எங்க வேலியிலேயே இருந்தது, மாமா. அடக்கம்னா அடக்கம். கட்டின இடத்தை விட்டு இத்தனை வருஷத்துல ஒரு அடி நகர்ந்தது கிடையாது."

மாமா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "பூச்சு இருக்கே."

"வெளியில வரும்போது லேசாப் போட்டிருக்கும். இந்தக் காலத்துல யார்தான் போடலை?"

"உள்ளே துரு. மறைச்சிருக்கீங்க."

சடையாண்டிக்கு முகம் சுண்டிப்போச்சு. கம்பியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, காப்பியைக் குடிக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

அடுத்தது பழைய ரேடியோவிலிருந்து எடுத்த செம்புக்கம்பி. பார்த்தவுடனே மாமா உதட்டைப் பிதுக்கினார். "சிவக்கக் கூடாதுன்னு பாய் சொன்னார். இது வரும்போதே சிவந்துகிட்டு வருது."

கடைசியில் காகிதத்தைப் பிரித்து பாய் கொடுத்த கம்பியை வைத்தார்கள். பளபளவென்று இருந்தது. மிஷினிடம் மாமா குனிந்து கேட்டார், "பிடிச்சிருக்கா தம்பி?" மிஷின் பேசவில்லை.

"பிடிக்கலேன்னா இந்நேரம் சொல்லியிருக்கும்" என்றான் பொன்னுரங்கம்.

"கூச்சம்" என்றார் மாமா.

ஆக கம்பி முடிவாகிவிட்டது. இனி மாட்ட வேண்டியதுதானே? அங்கேதான் அடுத்த சிக்கல்.

"பழக்கமான கம்பின்னு பாய் சொன்னார். இதுங்க ரெண்டும் இப்பத்தானே முகமே பார்த்துக்கிட்டிருக்கு?"

"ராத்திரி ஒரே அறையில வச்சிடலாமா மாமா? பேசிப் பழகிடும்."

"தாலி கட்டாமலா?" சுவரைப் பார்த்திருந்த சடையாண்டிதான் கேட்டான். கோபத்திலும் அவன் நியாயம் விட்டவனில்லை.

ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள்; ஆனாலும் அம்மன் காரியம் என்று வெள்ளிக்கிழமை காலையிலேயே முகூர்த்தம். மாமா மஞ்சள் நூல் எடுத்துக் கட்டினார், பொன்னுரங்கம் அட்சதை போட்டான். பிறகு மணமக்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் பேசிப் பழகட்டும் என்று மூவரும் வெளியே காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நல்ல குடும்பம் என்று மாமா மெச்சினார்.

பொழுது சாய்ந்தது. கோவிலில் மேளம் கேட்டது. அமிர்தவல்லிக்குத்தான் பொறுக்கவில்லை. உள்ளே போய்க் கம்பியை ஒரு பென்சிலில் சுற்றிச் சுருளாக்கி, கிண்ணத்தில் மாட்டித் திருகாணியை முடுக்கினாள். புதுசாகக் கல்யாணமானவர்கள் என்பதால் ஆண்கள் மூவரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பொன்னுரங்கம் மிஷினைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு ஓடினான். பிளக்கைச் சொருகப் போன கையை மாமா பிடித்தார்.

"சிவக்க விடாதேன்னாரே. கரண்ட் குடுத்தா சிவக்குமா, சிவக்காதா?"

"குடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"பார்க்கும்போது சிவந்துட்டா?"

மூவரும் யோசித்தார்கள். கரண்ட் கொடுக்காத கம்பி சிவந்ததாக எந்த ஊரிலும் சரித்திரம் இல்லை. பிளக்கைச் சுருட்டிக் கட்டி வைத்தார்கள். இதைவிடப் பத்திரமான கம்பி அந்த ஜில்லாவிலேயே கிடையாது.

ஆனால் புகை வரவில்லை.

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே சோலையப்பன் புது வேட்டி கட்டி, வழிவிட வேண்டியவன் மாதிரி நிற்காமல், வழி கேட்கிறவன் மாதிரி நின்றான். தாத்தா, அப்பா எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். "தாயே, எனக்கு வேற என்ன தெரியும்?" என்று முணுமுணுத்தான். அப்போதுதான் அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு யோசனை வந்தது. மடப்பள்ளிக்கு ஓடி, தூபக்கால் நிறையக் கரி நெருப்பை அள்ளிக்கொண்டு வந்து, அதன்மேல் மிஷினை உட்கார வைத்தான். கிண்ணம் காய்ந்தது. சாம்பிராணி குபுகுபுவென்று புகைந்தது.

தர்மகர்த்தா வந்து குனிந்து பார்த்தார். "கரி கூடாதுன்னு சொன்னேனே?"

"சாம்பிராணிக்குத்தானுங்க கூடாதுன்னீங்க. இது மிஷினுக்கு."

அவர் வெகுநேரம் யோசித்தார். அவரும் அதே ஊர்க்காரர்தானே. "அப்ப சரி. சூடு அளவு மீறினா?"

"அதுக்கு நான் இருக்கேன்" என்று சடையாண்டி விசிறியோடு முன்னால் வந்தான். சூடு ஏறினால் விசிறுவதாக ஏற்பாடு. அவன் விசிற விசிறக் கரி இன்னும் கனன்றது. அவன் இன்னும் விசிறினான். அன்றைக்கு வந்த புகையில் யாருக்கும் யாரையும் தெரியவில்லை. ஊரே இருமிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டது. பொன்னுரங்கம் நடந்தான். சோலையப்பன் வீட்டுக்குப் போய்விட்டான் என்றே நினைத்தார்கள். அவன் கொடிமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான்.

வாராவாரம் இப்படியே நடந்தது. தை பிறந்ததும் ஒருநாள் கிண்ணத்தைத் துடைத்த மாமா, கம்பியில் சாம்பிராணிப் பிசின் ஏறி நடுப்பகுதி பருத்திருப்பதைக் கண்டார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பொன்னுரங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கல்யாணம் ஆனது ஆடியில. கணக்குச் சரியாத்தான் இருக்கு."

அப்புறமென்ன, வளைகாப்பு. ஐந்து வகைச் சாதம் கட்டி, கம்பியைக் கழற்றிப் பஞ்சில் பொதிந்து, மூவரும் அதன் பிறந்த வீட்டுக்குப் போனார்கள். ஜபருல்லா பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்ன ரிப்பேர்?" என்று கேட்டார்.

"ரிப்பேர் இல்லைங்க பாய்" என்றான் பொன்னுரங்கம். "பிரசவத்துக்கு விட்டுட்டுப் போறோம்."

அதற்கப்புறம் நடந்தது சிகாமணி அக்காவுக்கும் தெரியவில்லை. நீங்கள் யாராவது டவுன் பக்கம் போனால், அந்தக் கடைக்கு ஒரு எட்டு போய், என்ன குழந்தை என்று மட்டும் கேட்டுவந்து சொல்லுங்கள்.